பேட்டிக்குப் போகும் நம் பிள்ளைகள்

இரவு ஒன்பது மணிக்கு மேல் சங்க அலுவலகத்தின் கதவைத் தட்டுகிறவர்கள் எதற்கு வருவார்கள் என்பது நமக்குப் பழகிப்போன விஷயம். வேலை நீக்க நோட்டீஸ் வந்திருக்கும். இயந்திரத்தில் விரல் போயிருக்கும். கூலி பாக்கி நின்றிருக்கும். ஆனால் அன்று வந்த விவசாயத் தொழிலாளித் தோழரின் கையில் நோட்டீஸ் எதுவும் இல்லை. பின்னால் அவர் மகள் நின்றாள். சர்க்கார் கல்லூரியில் பி.காம். படித்துத் தேறியவள். முகம் வாடியிருந்தது.

"இன்டர்வியூவுக்குப் போயிட்டு வந்துச்சுங்க தோழர். அப்போதிருந்து சாப்பிடவே மாட்டேங்குது" என்றார் தகப்பனார்.

விசாரித்தோம். ஒரு கம்பெனியில் ஸ்டோர் உதவியாளர் வேலை. மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கிறார்கள். "அனுபவம் உண்டா?" என்றார்களாம். "இல்லை" என்றாளாம். "அப்பா என்ன செய்கிறார்?" என்றார்களாம். "விவசாயம்" என்றாளாம். உடனே ஒருவர் சிரித்துக்கொண்டே, "எத்தனை ஏக்கர்?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணால் பதில் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். நாலு நிமிஷத்தில் பேட்டி முடிந்துவிட்டது.

"பொய் சொல்லலீங்க தோழர். ஆனா கூலின்னு சொல்ல வாய் வரலீங்க" என்றாள். தகப்பனார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நாலு நிமிஷத்தைப் பற்றித்தான் நாம் இந்த வாரம் எழுதுகிறோம். இது ஒரு வீட்டுக் கதை அல்ல. நம் வீடுகளிலிருந்து முதன்முறையாகப் பட்டமும் டிப்ளமாவும் ஐ.டி.ஐ. சான்றிதழும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிற பிள்ளைகள் ஆயிரம் ஆயிரம் பேர். எழுத்துத் தேர்வில் அவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. மேஜைக்கு எதிரே நாற்காலியில் உட்காரச் சொன்னதும் தடுமாறிப் போகிறார்கள். ஏன்?

சங்கத்துக்கு இது வேலையா?

முதலில் நம் தோழர்கள் சிலர் எழுப்பும் ஆட்சேபணைக்குப் பதில் சொல்லிவிடுவோம். "முதலாளியின் முன்னால் எப்படி நல்ல பெயர் வாங்குவது என்று சொல்லிக்கொடுக்கவா நாம் கொடி பிடித்தோம்? இது ஆளுக்கு ஆள் தனியாக முன்னேறுகிற மனோபாவம்" என்கிறார்கள்.

நாம் இதை ஒப்பவில்லை. தொழிலாளியிடம் விற்பதற்கு இருப்பது அவன் உழைப்புச் சக்தி ஒன்றுதான். வாழைத்தார் விற்கப் போகிறவன்கூடச் சந்தை நிலவரம் தெரிந்துகொண்டுதான் வண்டி கட்டுகிறான். தன் வாழ்நாளையே விலை பேசப் போகிற பிள்ளையை மட்டும் ஒன்றும் தெரியாமல் அனுப்புவது எந்த ஊர் நியாயம்? கூலி பேசக் கற்றுக்கொடுப்பது சங்கத்தின் வேலை என்றால், அந்தப் பேச்சின் முதல் வரியாகிய பேட்டிக்குத் தயார் செய்வதும் சங்கத்தின் வேலைதான்.

பணம் படைத்தவன் வீட்டில் இந்தப் பயிற்சி தானாகவே நடக்கிறது. சாப்பாட்டு மேஜையில், கல்யாண வீட்டில், மாமன் ஆபீசில், பெரிய மனிதர்களோடு பேசிப் பேசிப் பழகுகிறான். நம் பிள்ளைக்கு அந்த மாமன் இல்லை. அந்த இடத்தில் சங்கம் நிற்க வேண்டும்.

பழைய பேட்டியும் புதிய பேட்டியும்

நம் பாட்டன்மார்களுக்கும் பேட்டி இருந்தது. அது ஆலைக் கதவண்டை நடந்தது. பதிலிகள் விடியற்காலையில் வரிசையில் நிற்பார்கள். மேஸ்திரி வந்து ஆளைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், "நீ வா, நீ போ" என்பார். உள்ளே போக அவருக்கு மாமூல் உண்டு. உள்ளே போன பிறகும் மாமூல் உண்டு. 1929-ல் நியமிக்கப்பட்ட ராயல் தொழிலாளர் கமிஷன் 1931-ல் தந்த அறிக்கையிலேயே இந்த மேஸ்திரி முறையின் ஊழலைக் கண்டித்து, ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து எடுத்து லேபர் ஆபீசரிடம் தர வேண்டுமென்று சொன்னது. அன்னிய ஆட்சி போட்ட கமிஷனே மறைக்க முடியாத அளவுக்கு அந்த அழுக்கு இருந்தது.

இன்று மேஸ்திரிக்குப் பதில் கண்ணாடி அறை வந்திருக்கிறது. கையைப் பார்ப்பதற்குப் பதில் "குடும்பப் பின்னணி" கேட்கிறார்கள். கேட்கும் தொனி மரியாதையாக இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது என்ன?

2007-ம் வருஷம் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பத்திரிகைகளில் வந்த தனியார் கம்பெனி வேலை விளம்பரங்களுக்கு, ஒரே மாதிரியான படிப்பும் தகுதியும் உள்ள மனுக்களை அனுப்பினார்கள். வித்தியாசம் பெயரில் மட்டும்தான். ஒரு பெயர் மேல்ஜாதிப் பெயர், ஒன்று தலித் பெயர், ஒன்று முஸ்லிம் பெயர். பேட்டிக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மேல்ஜாதிப் பெயருக்கு ஒன்று என்றால், தலித் பெயருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. மனுதாரரின் முகத்தைக்கூடப் பார்ப்பதற்கு முன்னாலேயே இத்தனை! அதே காலத்தில் நடந்த மற்றோர் ஆராய்ச்சி, கம்பெனி அதிகாரிகள் குடும்பப் பின்னணிக் கேள்வியை எவ்வளவு சாதாரணமாகக் கேட்கிறார்கள், அதைத் தகுதியின் ஒரு பகுதியாகவே எப்படிக் கருதுகிறார்கள் என்பதைக் காட்டியது.

ஆகவே "எத்தனை ஏக்கர்?" என்று கேட்டவர் ஒரு தனி மனிதரின் கெட்ட குணத்தால் மட்டும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு ஏற்பாடே நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் பாதி வெட்கம் போய்விடும். குறை தன்னிடம் இல்லை என்று தெரிந்தவன்தான் நிமிர்ந்து உட்கார முடியும்.

உள்ளதைச் சொல்லத் தெரிய வேண்டும்

அன்று இரவு அந்தப் பெண்ணிடம் நாம் கேட்டோம்: "அனுபவம் இல்லை என்று ஏனம்மா சொன்னாய்? நூறு நாள் வேலையில் நீ பணித்தளப் பொறுப்பாளராக இருந்தாயே?"

"ஆமாங்க, ரெண்டு தடவை."

"என்ன வேலை பார்த்தாய்?"

"நாப்பது அம்பது பேருக்கு வருகைப் பதிவு எழுதணுங்க. அளவு பார்த்து எழுதணும். கடப்பாரை, மம்பட்டி, கூடை கணக்கு வைக்கணும். அதெல்லாம் ஒரு அனுபவங்களா தோழர்?"

தோழர்களே, ஸ்டோர் உதவியாளர் வேலை என்பது வேறு என்ன? வந்த சாமானை எழுதுவது, போன சாமானை எழுதுவது, இருப்பைச் சரிபார்ப்பது. அதே வேலையை இந்தப் பெண் வெயிலில் நின்று செய்திருக்கிறாள். ஆனால் கிராமத்தில் செய்தது வேலை அல்ல, கூலிக்காரி செய்தது அனுபவம் அல்ல என்று அவள் மனத்தில் யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த எழுத்தை அழிப்பதுதான் பேட்டிக்குத் தயாராவதில் முதல் வேலை.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றுதான் பெரும்பாலும் முதல் கேள்வி வரும். இதற்குப் பிறந்த கதை வேண்டாம். பெயர், ஊர், படிப்பு, கையால் செய்த வேலை, இந்த வேலைக்கு அது எப்படி உதவும் - இந்த ஐந்தையும் இரண்டு நிமிஷத்தில் சொல்ல வேண்டும். வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது போதாது; மனத்துக்குள் எல்லோரும் பேச்சாளர்கள்தான். விடுமுறையில் பட்டறையில் நின்றது, தறியில் அம்மாவுக்கு உதவியாக இருந்தது, பால் சொசைட்டியில் கணக்கு எழுதியது, ஊர் நூலகத்தில் புத்தகம் அடுக்கியது - இவை எல்லாம் அனுபவமே.

"அப்பா என்ன செய்கிறார்?" என்றால், "விவசாயக் கூலி வேலை செய்கிறார், சொந்த நிலம் இல்லை. அவர் உழைத்துத்தான் என்னைப் படிக்கவைத்தார்" என்று சொல். இந்தப் பதிலுக்கு மேலே கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பாதி மறைத்தால்தான் மீதியைத் தோண்டுவார்கள்.

தெரியாத கேள்விக்குத் "தெரியவில்லை, கற்றுக்கொள்வேன்" என்று சொல்வது அவமானம் அல்ல. சுற்றி வளைத்து உளறுவதுதான் அவமானம். இங்கிலீஷில் கேட்டுப் புரியாவிட்டால், "தமிழில் பதில் சொல்லலாமா?" என்று நேராகக் கேள். கேட்டது புரிந்து பதில் மட்டும் தடைப்பட்டால், சிறுசிறு வாக்கியமாகச் சொன்னால் போதும்.

உடையைப் பற்றியும் சொல்லிவிடுவோம். வட்டிக்கு வாங்கிப் புதுச் சட்டை எடுக்க வேண்டாம். கடன் வாங்கிய ஷூ காலைக் கடிக்கும். கவனம் முழுவதும் காலிலேயே இருக்கும். துவைத்து இஸ்திரி போட்ட உடை, சீவிய தலை, சுத்தமான நகம் போதும். முதல் நாளே இடத்தைப் பார்த்து வைத்துக்கொள். பஸ்ஸை நம்பிக் கடைசி நிமிஷத்தில் ஓடாதே. மூலச் சான்றிதழ்களும் இரண்டு ஜோடி நகல்களும் ஒரே உறையில் வரிசையாக இருக்கட்டும். சர்க்கார் வேலை என்றால், தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழையும் மறக்காதே. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கும் சட்டம் 2010-ல் வந்தது. பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் ஏறி இறங்கி அதை முன்கூட்டியே வாங்கிவைக்காமல் வாய்ப்பை இழந்த பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம்.

நாமும் கேட்க வேண்டும்

பேட்டி என்றால் அவர்கள் கேட்பார்கள், நாம் பதில் சொல்வோம் என்றுதான் நினைக்கிறோம். விலை பேசுவதில் இரண்டு பக்கமும் கேள்வி கேட்க வேண்டும். கடைசியில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். "ஒன்றுமில்லை சார்" என்று எழுந்து வந்துவிடாதே. பணிவாகக் கேள்: வேலை நேரம் எத்தனை மணி? கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு? கம்பெனியின் நேரடி ஆளா, காண்டிராக்டர் ஆளா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? பயிற்சிக் காலம் எவ்வளவு?

சம்பள விஷயத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது. 'சி.டி.சி.' என்று ஒரு தொகை சொல்வார்கள். உன்னை வைத்துக்கொள்ளக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு அது. கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது, சில இடங்களில் சாப்பாட்டுச் செலவு, பஸ் செலவுகூட அதில் அடக்கம். அதோடு உன் பங்கு பி.எஃப்.பும் பிடிப்பார்கள். பெரிய தொகையை நம்பி ஊரில் சொல்லிவிட்டு, முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்துத் திகைத்த பிள்ளைகள் எத்தனை பேர்!

நியமனக் கடிதம் கேட்டு வாங்கு. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்துப் போராடிவருகின்றன, நாமும் எதிர்க்கிறோம். ஆனால் அந்தத் தொகுப்புகளில்கூடத் தொழிலாளிக்கு நியமனக் கடிதம் தர வேண்டும் என்று எழுதத்தான் வேண்டியிருந்தது. எழுதியிருப்பதைக் கேட்டு வாங்காமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதே. மூலச் சான்றிதழை "எங்களிடம் இருக்கட்டும்" என்று கேட்டால் கொடுக்காதே. காட்டு, நகல் கொடு, திரும்ப வாங்கிக்கொள். வேலைக்கு முன்பணம் கேட்கிறவன் வேலை தருகிறவன் அல்ல. அவன் பழைய மேஸ்திரியின் பேரன்.

பெண் பிள்ளைகளிடம் "கல்யாணம் எப்போது? குழந்தை உண்டா?" என்று கேட்கிறார்கள். 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று ராய்ட்டர் செய்தி நிறுவனம் எழுதியது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில சர்க்காரிடம் அறிக்கை கேட்டது. ஆள் எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ம் வருஷத்துச் சம ஊதியச் சட்டமே சொன்னது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் எழுதித்தான் இது வெளியே வர வேண்டியிருந்தது என்றால், நாமும் வெட்கப்பட வேண்டும். அந்தப் பெண்களில் எத்தனை பேர் நம் தோழர்களின் வீட்டுப் பெண்கள்!

ஒரு கஷ்டமான கேள்வி

ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுத வேண்டும். நம் ஆலைத் தோழர் ஒருவர். ரிங் பிரேமில் சைடு பார்த்தவர். ஸ்டிரைக்கில் முன்னால் நின்றதற்காக வேலை போனவர். அவருடைய மகன் டிப்ளமா முடித்துப் பேட்டிக்குப் புறப்பட்டபோது, "அப்பன் யூனியன்காரன்னு மட்டும் சொல்லிராதப்பா" என்று அவரே சொல்லி அனுப்பினார். நம்மிடம் அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நம் கண்ணும் கலங்கியது.

இதற்கு என்ன சொல்வது? மேடையில் நின்று வீரம் பேசுவது சுலபம். வேலை இல்லாத வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். சங்கம் அமைப்பது அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்து தந்த உரிமை. தகப்பன் எந்தச் சங்கத்தில் இருந்தான் என்று மகனிடம் கேட்க எவனுக்கும் உரிமை இல்லை. கேட்காததைச் சொல்ல வேண்டிய கடமை மகனுக்கும் இல்லை. "அப்பா பஞ்சாலையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர்" என்று சொன்னால் அதில் பொய்யில்லை. அப்படியும் குடைந்து கேட்டால், "நான் என் வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், ஐயா" என்று சொல்லலாம். அதனால் வேலை போகலாம். போகாது என்று நாம் உத்தரவாதம் தர முடியாது. அந்த இடத்தில் மௌனமாக இருந்த பிள்ளையை நம்மில் யாரும் கோழை என்று சொல்லக் கூடாது. ஆனால் தகப்பனைத் தகப்பன் இல்லை என்று சொல்லி வாங்குகிற வேலை நிலைக்காது. அதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.

பயிற்சி மட்டும் போதுமா?

போதாது. அந்தப் பெண் இரண்டு வாரம் நம்மோடு உட்கார்ந்து பழகிக்கொண்டு வேறொரு பேட்டிக்குப் போனாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்பா கூலி வேலை என்று சொன்னாள். வருகைப் பதிவு எழுதியதைச் சொன்னாள். கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு என்று கேட்டாள். வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. இரண்டு இடத்துக்கு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள். நூறு பேரும் நன்றாகப் பேசினாலும் இடம் இரண்டுதான்.

பயிற்சி புத்தகம் விற்கிறவர்கள் இந்த உண்மையைச் சொல்ல மாட்டார்கள். "நீ சரியாகச் சிரிக்கவில்லை, அதனால் வேலை இல்லை" என்பார்கள். 2020 மார்ச் ஊரடங்கில் கோவையில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் நின்றனவே, அங்கே கதவுக்கு வெளியே நின்ற தொழிலாளர்கள் சரியாகச் சிரிக்காததாலா நின்றார்கள்?

ஆகவே இரண்டு காரியமும் வேண்டும். பிள்ளையைத் தயார் செய்ய வேண்டும். பேட்டி நடக்கும் விதத்தையும் மாற்றப் போராட வேண்டும். பேட்டி மார்க்கை வைத்து வேண்டியவர்களை ஏற்றி வேண்டாதவர்களை இறக்க முடியும் என்பதைச் சுப்ரீம் கோர்ட்டே பார்த்தது. 1981-ல் அஜய் ஹாசியா வழக்கில், பொறியியல் கல்லூரி அனுமதிக்குப் பேட்டிக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் வைத்தது தவறு, 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது. 1985-ல் அசோக் குமார் யாதவ் வழக்கில், ஹரியானா சிவில் சர்வீஸ் தேர்வில் பொதுப் பிரிவினருக்குப் பேட்டி மார்க் 12.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. மத்திய சர்க்கார் 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பதவிகளுக்குப் பேட்டியையே எடுத்துவிட்டது. எழுத்துத் தேர்வு மட்டும் இருந்தால் கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டுகிறவன் முந்துவான் என்ற குறை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விடைத்தாளுக்குத் தகப்பனின் ஏக்கர் கணக்கு தெரியாது!

தனியார் கம்பெனிகளுக்கு இந்த வரம்புகள் எதுவும் இல்லை. அங்கேதான் நம் பிள்ளைகளில் அதிகம் பேர் போய் நிற்கிறார்கள். ஜாதி, மதம், மணம், தகப்பன் தொழில் பற்றிய கேள்விகளைப் பேட்டியிலிருந்து ஒழிக்க வேண்டும். எத்தனை இடம், என்ன சம்பளம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். காலியாக இருக்கும் சர்க்கார் இடங்களை நிரப்ப வேண்டும். இவை நமது கோரிக்கைகளாக ஆலைக் கூட்டத்திலும் கிராமக் கூட்டத்திலும் ஒலிக்க வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் வாரத்தில் ஒரு மாலை, ஒரு மேஜை, நாலு நாற்காலி போடுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரையும், வேலை பார்க்கும் தோழர்கள் இரண்டு பேரையும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரவையுங்கள். நம் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். செலவு ஒரு சட்டி டீ.

நம் அலுவலகத்தில் இதைத் தொடங்கிவிட்டோம். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்பது யார் தெரியுமா? அந்தப் பெண்தான். அடுத்த பேட்டிக்கு மனுப் போட்டுவிட்டு, மற்றப் பிள்ளைகளைத் தயார் செய்கிறாள். போன வாரம் ஒரு பையனிடம், "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டாள். அவன் தயங்கினான்.

"சத்தமாச் சொல்லு தம்பி" என்றாள் அவள்.

வாசலில் நின்றுகொண்டிருந்த அவள் தகப்பனார் அன்று சுவரைப் பார்க்கவில்லை.